போர் தண்ணில டைல்ஸ் அறுக்கலாமா? கட்டர்ல ஷாக் அடிக்குது

பெரியபட்டினத்தான் | திங்கள், இரவு 9:12

எல்லாருக்கும் சலாம், வணக்கம். வீட்டு வேலை கடைசிக் கட்டம். உள்ள பூராம் 4×2 அடி வெட்ரிஃபைடு டைல்ஸ், முன் திண்ணைக்கு ஆத்தங்குடி சிமெண்டுக் கல்லு, மாடிப்படிக்கு வெள்ளை மார்பிள். டைல்ஸ் கொத்தனார் ஏர்வாடிப் பக்கத்து ஆளு. கை சுத்தமான வேலைக்காரர், அதுல குறை சொல்ல முடியாது. ஆனா அறுக்குறதுக்கு எங்க வீட்டு போர் தண்ணியத்தான் ஊத்துறாரு. நம்ம கடற்கரை போர் தண்ணி எப்படின்னு இங்க யாருக்கும் சொல்லத் தேவையில்ல. சோப்பு நுரைக்காது, குழாய் வாய்ல வெள்ளையா பொருக்குக் கட்டும்.

இன்னிக்கு மத்தியானம் நடந்தது. கையாள் பையன் கூல்டிரிங்ஸ் பாட்டில் மூடில ஆணியால நாலு ஓட்டை போட்டு பிளேடு மேல தண்ணி பீச்சிக்கிட்டு இருக்கான். கொத்தனார் குத்தவச்சு உக்காந்து, டைல்ஸைக் கால் பெருவிரலால அமுக்கிக்கிட்டு, 4 இஞ்ச் கட்டரை ஓட்டுறாரு. திடீர்னு "ஆத்தே"ன்னு கையை உதறினாரு. அடிச்சிருக்கு. நான் பதறி சுவிட்சை அமத்துனா, அவரு துண்டால மிஷினைத் துடைச்சுட்டு மறுபடி ஆரம்பிச்சுட்டாரு. "ஈரக்கைல லேசா கடிக்கத்தான் செய்யும் தம்பி, இதுக்கெல்லாம் வேலைய நிறுத்த முடியுமா"ங்குறாரு.

இது தண்ணியால வர்ற கோளாறா, மிஷின் கோளாறா? மேசைக் கட்டர்ல தண்ணி ஏத்துற பம்பும் ஒரே மாசத்துல ரெண்டு போயிருச்சு. நல்லதண்ணி வாங்கி ஊத்துனா சரியாகுமா? குடிக்கிறதுக்கே தள்ளுவண்டில குடம் குடமா வாங்குறோம். அதை எடுத்து டைல்ஸ் அறுக்க ஊத்துனா எங்க உம்மா என்னை அறுத்துரும்.

மின்னல் மாரி | திங்கள், இரவு 9:40

தண்ணி, பம்பு எல்லாம் அப்புறம். அந்த கட்டரை நாளைக்கு யாரும் தொடக்கூடாது. மொத வேலை அது.

நான் உச்சிப்புளில ஒயரிங் வேலை பாக்குறேன். "லேசா கடிக்கும்"னு சொல்ற ஆள்களைத்தான் பாத்து பயப்படுவேன். கைக் கட்டர் பெரும்பாலும் ரெண்டு அடுக்கு இன்சுலேஷன்ல வரும், எர்த் பின் இருக்காது. பாடில பெட்டிக்குள்ள பெட்டி படம் போட்டிருந்தா அதான் அர்த்தம். உள்ள காய்ஞ்சிருக்குற வரைக்கும் அது நல்ல ஏற்பாடு. பாட்டில் தண்ணி காத்துத் துவாரம் வழியா உள்ள போச்சுன்னா கதை வேற. அதுலயும் உப்புத்தண்ணி நல்லதண்ணிய விட எத்தனையோ மடங்கு கரண்ட் கடத்தும். காய்ஞ்சாலும் உப்பு உள்ளயே உக்காந்துக்கும், அடுத்த நாள் காத்துல ஈரம் ஏறுனதும் மறுபடி நசநசன்னு ஆகிக் கசிய ஆரம்பிக்கும். துண்டால வெளிய துடைச்சு என்ன பிரயோசனம்?

டெம்பரரி லைன்ல ஆர்.சி.சி.பி., அதான் கரண்ட் கசிஞ்சா லைனை வெட்டுற சுவிட்ச், இருக்கா? 30 மில்லி ஆம்பியர்னு எழுதியிருக்கணும், பக்கத்துல "டெஸ்ட்"னு ஒரு பட்டன் இருக்கும். "எம்.சி.பி. போட்டிருக்கேன்"னு பதில் சொல்லாதீங்க. 16 ஆம்பியர் எம்.சி.பி. ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும்தான் விழும். ஒரு ஆளு உடம்பு வழியா கரண்ட் தரைக்கு இறங்குறது அதுக்குத் தெரியவே தெரியாது.

பெரியபட்டினத்தான் | திங்கள், இரவு 9:58

மாரி அண்ணே, இல்ல. மீட்டர் பெட்டிலருந்து ஒரு ஒயர் இழுத்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அவ்வளவுதான். பாக்ஸ் தரைலதான் கெடக்கு. நடுவுல ஒரு ஜாயிண்ட், டேப் சுத்தியிருக்கு. எழுதும்போதே வெக்கமா இருக்கு.

மின்னல் மாரி | திங்கள், இரவு 10:05

வெக்கம் அப்புறம் படலாம். வெள்ளன போய் ஆர்.சி.சி.பி. வாங்கி மாட்டுங்க. பாக்ஸை சுவத்துல ஆணி அடிச்சு இடுப்பு உயரத்துக்கு மேல தொங்க விடுங்க. ஒயர் மேலருந்து நேரா பிளக்குக்கு வரக்கூடாது. கீழ தொங்கி வளைஞ்சு மேல ஏறி வரணும், அப்பத்தான் ஒயர்ல வழியுற தண்ணி வளைவுலயே சொட்டிரும். ஜாயிண்டை வெட்டி எறிஞ்சுட்டு முழு ஒயரா போடுங்க.

கடலாடி காளி | செவ்வாய், காலை 6:20

தம்பிகளா, நான் இந்த வேலைல 30 வருசம். உளி வச்சு டைல்ஸ் தட்டுன காலத்துல இருந்து பாக்குறேன். மூக்கையூர்ல, வாலிநோக்கத்துல எல்லாம் கிணத்து உப்புத்தண்ணிதான், அதுலயே ஆயிரக்கணக்கான சதுரடி அறுத்து ஒட்டியிருக்கேன். ஒரு கல்லு கெட்டுப் போச்சுன்னு யாரும் வந்து நின்னதில்ல. வைரத்துக்கு உப்பு தெரியுமா, சீனி தெரியுமா? சூடு ஆறணும், தூசி அமரணும், அம்புட்டுதான் தண்ணிக்கு வேலை.

பெருவிரலால அமுக்குறது மட்டும் தப்பு. அதை நானும் செஞ்சவன்தான். இடது காலைப் பாத்தா தெரியும்.

கல்வெட்டு | செவ்வாய், காலை 7:45

காளி அண்ணே சொல்றதுல பாதி முழுசா சரி. பிளேடு ஓரத்துல உலோகப் பொடிக்குள்ள வைரத் துகளைப் பொதிச்சு வச்சிருக்கான், அது தேச்சுத்தான் அறுக்குது. உப்புத்தண்ணியோ நல்லதண்ணியோ வெட்டு ஒண்ணுதான். ஆனா வைரத்தைத் தாங்குற வட்டு எஃகு, அச்சு எஃகு, பேரிங் எஃகு. பாம்பன் பாலத்துல உப்புக்காத்து என்ன பண்ணுச்சுன்னு நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்லணுமா? 1914ல தொறந்த பாலம், துரு அரிச்சு 2022 டிசம்பர்ல ரயிலையே நிப்பாட்ட வேண்டியதாப் போச்சு. உங்க மிஷின் அச்சு சுண்டுவிரல் தண்டி.

நான் தங்கச்சிமடத்துல டைல்ஸ், கிரானைட் ரெண்டும் பண்றேன். எங்க பட்டறைல ஒரு பழக்கம். பகல் பூராம் போர் தண்ணில அறுப்போம். சாயங்காலம் அரை வாளி நல்லதண்ணி ஊத்தி, மிஷினை ஒரு நிமிசம் வெறுமனே ஓட விட்டு, பிளக்கைப் பிடுங்கி, பிளேடைக் கழட்டித் துடைச்சு, அச்சுலயும் வாஷர்லயும் ஒரு சொட்டு மிஷின் எண்ணெய். எண்ணெய் பிளேடு ஓரத்துல படக்கூடாது. தினம் அரை வாளி, அவ்வளவுதான் செலவு. இதை ஆரம்பிச்சப்புறம் பேரிங் மாத்துறது நல்லாக் குறைஞ்சிருக்கு.

பம்பு விசயம்: அது சின்ன மோட்டார், ஏர்கூலர்ல கெடக்குற மாதிரி. உப்பும் டைல்ஸ் சேறும் சேந்தா தாங்காது. 7 இஞ்ச் மேசைக் கட்டர்ல பம்பே இல்லாத ரகம் இருக்கு. பிளேடோட அடிப்பாகம் தண்ணித் தட்டுல முங்கி, சுத்தும்போது தானே தண்ணியக் கோரிக்கிட்டு மேல வரும். நம்ம ஊருக்கு அதுதான் தோது. ஒண்ணு மட்டும் பாக்கணும்: தட்டுல தண்ணி இறங்குனா பிளேடு காய்ஞ்சு ஓடும், சத்தம் மாறும். பையனை அதுல கண்ணு வைக்கச் சொல்லுங்க. தண்ணி மோர் மாதிரி கெட்டியாகிட்டாலும் மாத்திரணும்.

பெருவிரல் பத்தி: 4 இஞ்ச் பிளேடு நிமிசத்துக்கு 12,000 சுத்து சுத்துது. கணக்குப் போட்டா பிளேடு ஓரம் மணிக்கு 230 கிலோமீட்டர் வேகத்துல ஓடுது. கைலிய மடிச்சுக் கட்டிக்கிட்டு அதுக்குப் பக்கத்துல விரலை வச்சுக்கிட்டு…

ஒருகுடம் | செவ்வாய், காலை 10:30

இம்புட்டு வம்பு எதுக்கு? தண்ணியே இல்லாம அறுக்குற பிளேடு கடைல கிடைக்குது, ஓரத்துல பல்லு பல்லா வெட்டு விட்டது. காய்ஞ்சபடியே ஓட்டலாம். ஷாக்கும் இல்ல, பம்பும் இல்ல.

தொண்டிக்காரி | செவ்வாய், மதியம் 1:15

வேண்டவே வேண்டாம். நான் சிவில் என்ஜினியர், சைட்டுல நிக்கிறவ. காய்ஞ்சு அறுத்தா வர்ற வெள்ளைப் புகை சும்மா மண்ணுத் தூசி இல்ல. கிரானைட், வெட்ரிஃபைடு ரெண்டுலயும் சிலிக்கா இருக்கு. கண்ணுக்குத் தெரியாத நைசுத் துகள் நுரையீரலுக்குள்ள போனா திரும்பி வராது. அங்கயே தழும்பாக்கி மூச்சைச் சுருக்கும், சிலிகோசிஸ்னு பேரு. வந்தா குணப்படுத்த மருந்து கிடையாது. புற்றுநோய் வர வைக்கிற பொருள்னும் உலக சுகாதார நிறுவனத்தோட ஆய்வு அமைப்பு 1997லயே சொல்லிருச்சு. சமையல் மேடைக்குப் போடுற செயற்கை குவார்ட்ஸ் பலகை இன்னும் மோசம், அதுல 90 சதவீதத்துக்கு மேல சிலிக்கா உள்ள ரகமெல்லாம் உண்டு. ஆஸ்திரேலியால 2024 ஜூலைல இருந்து அந்தப் பலகையையே தடை பண்ணிட்டாங்க.

அந்த பாட்டில் புடிக்கிற பையனுக்கு என்ன வயசு, பெரியபட்டினத்தான்? கொத்தனாராவது எந்திரிச்சுப் போவாரு. பையன் நாள் பூரா அதே இடத்துல மூஞ்சிய நீட்டிக்கிட்டு நிப்பான். உப்புத்தண்ணியா இருந்தாலும் தண்ணி ஊத்தியே அறுக்கச் சொல்லுங்க. ரெண்டு பேருக்கும் என்95 மாஸ்க். மூஞ்சில துண்டு கட்டுறது கணக்குல வராது.

சரி, நான் கேக்க வந்தது வேற. அறுக்குற தண்ணிக்கு இவ்வளவு யோசிக்கிறீங்களே, கலவைக்கு என்ன தண்ணி ஊத்துறீங்க?

பெரியபட்டினத்தான் | செவ்வாய், மதியம் 2:02

பையனுக்கு 19 அக்கா. மாஸ்க் வாங்கிட்டேன்.

கான்கிரீட்டுக்கெல்லாம் லாரித் தண்ணிதான். டைல்ஸ் போடுற கலவைக்கு மட்டும்... போர் தண்ணி. டிடிஎஸ் பேனா, அதான் தண்ணில கரைஞ்ச உப்பை அளக்குறது, வச்சுப் பாத்தேன், 5,800 காட்டுது.

தொண்டிக்காரி | செவ்வாய், மதியம் 2:40

அங்கதான் உங்க பிரச்சனையே. குடிதண்ணிக்கு வேற வழியே இல்லன்னாலும் 2,000 வரைக்கும்தான் அனுமதி. கட்டுமானத் தண்ணிக்கு ஐ.எஸ். 456ல, அதான் கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதில, தனிக் கணக்கு: கம்பி உள்ள கான்கிரீட்டுக்கு குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராம், கம்பி இல்லாததுக்கு 2,000. டிடிஎஸ் வேற, குளோரைடு வேற, ஆனா கடலோரத்துல 5,800ல பெரும்பங்கு சாதாரண உப்பாத்தான் இருக்கும். கான்கிரீட்டுக்கு லாரித் தண்ணி ஊத்துனது புண்ணியம்.

டைல்ஸ் கலவைல கம்பி இல்ல, அதனால வீடு விழாது. ஆனா அந்த உப்பு அங்கயே தங்காது. ஈரம் மேல ஏறிக் காயுற இடத்துக்கு உப்பும் கூடவே ஏறி, தண்ணி போனதும் பூத்து நிக்கும். ஐப்பசி கார்த்திகை மழைல வெள்ளையாப் பொங்கும், துடைச்சா போகும், அடுத்த ஈரத்துக்குத் திரும்ப வரும். வெட்ரிஃபைடு அரை சதவீதம் தண்ணி கூடக் குடிக்காது, அதனால அதுல இடுக்கு வழியா மட்டும்தான் வரும். ஆத்தங்குடி அப்படி இல்ல. அது சிமெண்டும் மணலும், உறிஞ்சும். பூ கல்லு மேலயே வரும். அறுக்கும்போது தெறிக்கிற தண்ணி ஒரு கரண்டி உப்புன்னா, கலவைல நீங்க மூட்டையாக் கொட்டுறீங்க.

கடலாடி காளி | செவ்வாய், மாலை 6:50

என்ஜினியரம்மா சொல்றது சரி. ஒரு கல்லு கெட்டதில்லன்னு காலைல சொன்னேன். வாலிநோக்கத்துல ஒரு வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்துச்சு. சிமெண்ட் பூக்கல்லு. வருசா வருசம் மழைக்கு வெள்ளையடிச்ச மாதிரி ஆகும். வீட்டுக்காரம்மா என்னையக் கண்டா "உன் கல்லு பூத்திருக்கு வந்து பாரு"ன்னு கூப்புடும். கல்லுல கோளாறுன்னு நெனச்சு கடைக்காரன்ட்டப் போய் சண்டை போட்டேன்.

கல்வெட்டு | செவ்வாய், இரவு 8:30

பெரியபட்டினத்தான், அப்போ இப்படிப் பிரிச்சுக்குங்க. வெட்ரிஃபைடு அறுக்க போர் தண்ணி தாராளமா ஊத்துங்க. ஆத்தங்குடியும் மார்பிளும் அறுக்குற அன்னிக்கு மட்டும் தட்டைக் கழுவி, நல்லதண்ணி ஊத்தி, துரு இல்லாத பிளேடு. வெள்ளை மார்பிள்ல துருப்பிடிச்ச வட்டுலருந்து வர்ற தண்ணி பட்டா மஞ்சளா கறை ஏறிக்கும், தேச்சாலும் போறது கஷ்டம். ஆத்தங்குடியை அறுத்த கையோட கல்லோட மேல்முகத்தைக் கழுவிருங்க. அந்தச் சிமெண்டுச் சேறு சாயத்து மேல காய்ஞ்சா மங்கல் விழும்.

சில்லு பேருதுன்னு யாராவது கேப்பீங்க, முன்கூட்டியே சொல்லிர்றேன். மேசைக் கட்டர்ல பிளேடு முன்பக்கம் மேலருந்து கீழ இறங்குது, அதனால பளபளப்பு மேல இருக்கணும். கைக் கட்டர்ல முன்பக்கம் கீழருந்து மேல ஏறுது, சில்லு மேல்முகத்துலதான் தெறிக்கும். அதனால பொறுமை உள்ளவன் கல்லைக் கவுத்துப் போட்டு முதுகுல கோடு போட்டு அறுப்பான். கவுக்க முடியாத இடத்துல மொத ஓட்டம் ரெண்டு மில்லி ஆழத்துக்கு மட்டும், பைய. அடுத்த ஓட்டத்துல முழுசா. 4×2 மாதிரி நீளக் கல்லு கடைசி ரெண்டு இஞ்சுல படக்குனு வாய் விட்டுரும். அதுக்கு அந்த முனைலருந்து மொதல்லயே ரெண்டு இஞ்ச் அறுத்து வச்சுட்டு, இந்த முனைலருந்து வந்து சேருங்க. பாத்ரூம் மூலைக்கு எல் வெட்டுன்னா உள்மூலைல 6 மில்லி வைர பிட்டால ஒரு ஓட்டை போட்டுட்டு ரெண்டு பக்கமும் அதுல கொண்டாந்து நிறுத்துங்க. கூர் மூலையா விட்டா விரிசல் அங்கருந்துதான் ஓடும்.

பெரியபட்டினத்தான் | புதன், காலை 11:25

கல்வெட்டு காக்கா, இன்னொண்ணு. நேத்து வரைக்கும் வெண்ணெய் மாதிரி அறுத்த பிளேடு இன்னிக்கு வழுக்குது. கீச்சுனு சத்தம், ஓரத்துல பொறி. வைரம் தீந்துருச்சா? புதுசா வாங்கி நாலு நாள்தான் ஆகுது.

கல்வெட்டு | புதன், மதியம் 12:10

தீரல, மழுங்கி மூடிருக்கு. வெட்ரிஃபைடு ரொம்பக் கடினம். வைர முனை தேஞ்சுட்டு, சுத்தி இருக்குற உலோகம் தேயாம நிக்குது, உள்ள இருக்குற புது வைரம் வெளிய வர முடியல. ஒரு ஹாலோபிளாக் கல்லைத் தண்ணி ஊத்தி நாலஞ்சு தடவை அறுங்க. சொரசொரப்பு அந்த உலோகத்தை உரிச்சு விட்டுரும். விரலால (பிளக்கைப் பிடுங்கிட்டு!) தடவிப் பாத்தா உப்புத்தாள் மாதிரி இருக்கணும்.

அடுத்த தடவை வாங்கும்போது வெட்ரிஃபைடுக்குன்னே வர்ற, ஓரம் இடைவெளி இல்லாத பிளேடு கேளுங்க. கடினக் கல்லுக்கு பிளேடு உலோகம் மென்மையா இருக்கணும், மென்மையான கல்லுக்கு உலோகம் கடினமா இருக்கணும். தலைகீழாத் தோணும், ஆனா அதான் கணக்கு.

கீழக்கரை வடக்குத்தெரு | புதன், இரவு 10:48

திரிக்குக் கொஞ்சம் வெளிய, மன்னிக்கணும். எங்க பூட்டனார் காலத்து வீட்டைப் பிரிக்கிறோம். சுவரெல்லாம் முருகைக்கல்லும் (பவளப்பாறைக் கல்லு) சுண்ணாம்பும். அந்தக் கல்லைப் பலகையா அறுத்து முன்வாசல்ல பதிக்க ஆசை. எந்த பிளேடு?

தொண்டிக்காரி | வியாழன், காலை 7:05

பழைய தனுஷ்கோடி சர்ச்சு சுவர்ல இருக்குறதும் அதே கல்லுதான், 1964 புயலுக்கு மிச்சமாகி நிக்குது. ஒரு காலத்துல மன்னார் வளைகுடால வெட்டி எடுத்துக் கட்டுனாங்க. இப்ப பவளப்பாறை 2001லருந்து வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணை, அதாவது உச்சப் பாதுகாப்பு. உங்களது பழைய வீட்டுக் கல்லுன்னாலும், பிரிச்சு வண்டில ஏத்துறதுக்கு முன்னால வனத்துறைட்ட எழுத்துல கேட்டுருங்க. அறுக்குறது கஷ்டமே இல்ல, கை ரம்பத்துக்கே விழும். நல்லதண்ணில பல நாள் ஊறப் போட்டுத் தண்ணி மாத்திக்கிட்டே இருங்க, உள்ள இருக்குற உப்பு கொஞ்சமாவது இறங்கும்.

பெரியபட்டினத்தான் | அடுத்த புதன், இரவு 9:30

தகவல் சொல்ல வந்தேன்.

கட்டரை ராமநாதபுரத்துல ஒரு ரிப்பேர் கடைல பிரிச்சுப் பாத்தாங்க. நானும் பக்கத்துல நின்னேன். கார்பன் பிரஷ் இருக்குற இடத்துல, சுவிட்சுக்குப் பின்னால, பூராம் வெள்ளையா பொருக்கு. டைல்ஸ் சேறும் உப்பும் சேந்து, வெந்நீர் கெட்டில்ல படியுற மாதிரி படிஞ்சிருக்கு. நகத்தால சுரண்டி நாக்குல வச்சுப் பாத்தாரு அந்த அண்ணன், "கடல்தான் தம்பி"ன்னாரு.

ஆர்.சி.சி.பி. மாட்டின மொத நாளே அந்தப் பழைய எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சொருகினதும் டப்புன்னு விழுந்துச்சு. மூணு தடவை. கொத்தனார் "இதைப் போட்டா வேலை ஓடாது போல"ன்னு சலிச்சுக்கிட்டாரு. மாரி அண்ணன்ட்ட போன்ல கேட்டு பாக்ஸையே மாத்துனோம். அதுக்கப்புறம் விழல.

மேசைக் கட்டர் வாடகைக்கு எடுத்தாச்சு, பிளேடு தண்ணில முங்குற ரகம். பாட்டில் வேலை போயிருச்சு, பையன் இப்ப கோடு போட்டுக் குடுக்குறான். வெட்ரிஃபைடுக்கு போர் தண்ணி. ஆத்தங்குடி, மார்பிள் அறுத்த ரெண்டு நாளும் நாலு குடம் நல்லதண்ணி, அதுலயே மிஷின் கழுவுறதும் ஆச்சு. கலவைக்கு லாரித் தண்ணி சின்டெக்ஸ்ல பிடிச்சு வச்சேன். முன்னாடியே போர் தண்ணிக் கலவைல ஒட்டுன ரெண்டு ரூமை ஒண்ணும் பண்ண முடியாது, மழை வந்தாத் தெரியும். உம்மாவுக்கு நாலு குடம் கணக்கு மட்டும்தான் மனசுல நிக்குது, தினம் ஒரு தடவை கேக்குது.

மின்னல் மாரி | அடுத்த புதன், இரவு 9:52

டெஸ்ட் பட்டனை அப்பப்ப அமுக்கிப் பாருங்க. உப்புக்காத்துல அதுவும் இறுகிப் போகும்.

கடலாடி காளி | அடுத்த வியாழன், காலை 6:15

சேத்துத் தண்ணிய என்ன பண்ணுனீக? சாக்கடைல ஊத்திராதீக, கல்லாட்டம் இறுகி அடைச்சுக்கும்.

பெரியபட்டினத்தான் | அடுத்த வியாழன், காலை 8:40

இல்ல காளி அண்ணே. பழைய பெயிண்ட் டப்பால ராத்திரி தெளிய விட்டு, மேல் தண்ணிய மறுபடி தட்டுல ஊத்திக்கிட்டோம். அடில தங்குன சேத்தைப் படிக்கட்டுக்குக் கீழ மண் நெரப்புற இடத்துல கொட்டியாச்சு.

கொத்தனார் சனிக்கிழமை கிளம்புறாரு. அடுத்த வேலை மண்டபத்துலயாம். போறப்ப அந்த ஆர்.சி.சி.பி. பெட்டிய ஒயரோட கழட்டித் தர முடியுமான்னு கேட்டாரு.